நாற்பத்தொன்றரை மீன்கள்

"என் கை என்னைக்காவது பொய்க்கணக்கு எழுதுச்சுன்னா, அந்தக் கைய வெட்டி ஓடையில போட்டுர்றேன். மீனாவது தின்னட்டும்!"

மீன்வளத்துறைக் கிளை அலுவலகத்தின் நடுவில், தேநீர் டம்ளரை உயர்த்திப் பிடித்தபடி அவர் இந்தச் சபதத்தைச் செய்தபோது கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். கைதட்டிய மற்றவன் அவருடைய மச்சினன்.

அவருக்கு மலையோடையில் மீன் எண்ணும் உத்தியோகம். அதுவும் எல்லா மீனையும் அல்ல. சுண்டுவிரல் நீளத்தில், வயிற்றால் கல்லைக் கவ்விக்கொண்டு வாழும் கல்லொட்டியை மட்டும். தண்ணீர் சில்லென்று இருக்கும்வரைதான் அதற்கு உயிர். ஆண்டுக்கு இரண்டு முறை அவர் பாறைமேல் குப்புறப் படுத்து, அடியில் கண்ணாடி பதித்த வாளியை நீருக்குள் அழுத்தி, ஒவ்வொரு கல்லாகப் புரட்டி எண்ணுவார். எண்ணியதும் பாசிப்பக்கம் மேலே வரும்படி கல்லைப் பழையபடியே வைப்பார். வீட்டுச் சமையலறையில் ஒரு டப்பாவைக்கூட எடுத்த இடத்தில் வைத்தறியாதவர் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒருமுறை ஒரு மீன் இடுக்கில் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு வாலை மட்டும் காட்டியது. வேறு யாராக இருந்தாலும் ஒன்றென்று சேர்த்திருப்பார்கள், இல்லை விட்டிருப்பார்கள். இவரோ பதிவேட்டில் முத்துமுத்தாக எழுதினார்: "மூன்றாம் வளைவு, இடக்கரை, வழுக்கைத்தலை போன்ற கல்லுக்கு அடியில், நாற்பத்தொன்றரை." அன்று முதல் அலுவலகத்தில் அவர் பெயர் 'அரை'.

சிரிக்காத ஒரே ஆள் மச்சினன். பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் வேலை அவனுக்கு. அதிகாரியின் வாசலில் ஏழு நாள் கால்கடுக்க நின்று அந்த வேலையை வாங்கிக்கொடுத்தவரும் அரைதான்.

"உங்க எழுத்தப் படிச்சா, கண்ணை மூடிக்கிட்டே அந்தக் கல்லுக்குப் போயிரலாம் மாமா!" என்பான். அரை பூரித்துப்போவார். பாராட்டு என்று நினைத்துவிட்டார், பாவம்.

அடுத்த கணக்கெடுப்புக்குப் போனபோது வழுக்கைக்கல் பாசிப்பக்கம் கீழாகக் கவிழ்ந்து கிடந்தது. சுற்றியிருந்த கற்களும் அப்படியே. அடியில் வெறும் மணல். அவர் ஒவ்வொரு கல்லையும் திருப்பி வைத்துவிட்டுத்தான் இறங்கினார். குடியிருக்க ஆளில்லாத வீட்டைக் கூட்டிப் பெருக்குவதுபோலத்தான் அது.

அந்த மீனைத் தின்பவர் யாருமில்லை. ஆகவே நேராகக் கடைத்தெருவிலிருந்த வளர்ப்புமீன் கடைக்குப் போனார். ஐஸ் பை மிதந்த தொட்டியில் ஏழு கல்லொட்டிகள், கல் கிடைக்காமல் கண்ணாடியைக் கவ்விக்கொண்டிருந்தன. தொட்டியின் வெளிப்பக்கம் ஒட்டியிருந்தது அவருடைய பதிவேட்டுப் பக்கத்தின் நகல்.

"அசல் ஓடைச் சரக்கு சார்," என்றார் கடைக்காரர். "பிடிச்ச எடம், கல்லு, எல்லாம் கைப்பட எழுதியிருக்கு பாருங்க. அரை மீனக்கூட மறைக்கல. இந்தக் காலத்துல யாரு சார் இவ்ளோ நேர்மையா இருக்கா?"

"மத்தது எங்க?"

"வர்ற வழியில செத்துப்போச்சு. இந்த ஏழும் வித்தாச்சு."

"யாரு குடுத்தா?"

"மீன் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்குற தம்பிதான். அவரு மாமா எழுதினதாம். மாமான்னா உசுரு அவருக்கு."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. அதுதான் அவரை உலுக்கியது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சொன்னான். வெரலத்தனை மீனுக்காகக் கூடப்பொறந்தவனக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா?"

"நாப்பத்தொன்னரைடி."

"அந்த அரைய விட்டுத் தொலைங்களேன்!"

புகார் கொடுக்கலாம்தான். ஆனால் தொட்டியில் ஒட்டியிருந்தது அவர் எழுத்து. திருடனுக்கு வழிகாட்டிப் பலகையை அழகான கையெழுத்தில் எழுதி நட்டவர் அவர்தான். புகார்த்தாளை இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் எழுதாமலே வைத்திருந்துவிட்டுக் கிழித்துப்போட்டார். வீட்டில் யாரும் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அரையாண்டு கழித்து மறுபடி கணக்கெடுப்பு. வழுக்கைக்கல்லுக்கு அடியில் ஒன்றுமில்லை. அதற்குமேல் அவர் ஒருபோதும் போனதில்லை, அன்று போனார். ஐந்தாம் வளைவு தாண்டி, மரவேர்களுக்குக் கீழே சின்னக் குட்டை ஒன்று. விரலை விட்டால் மரத்துப்போகும் குளிர். வாளியை அழுத்தினார். பதினொன்று. கல்லிடுக்கில் ஒரு வால். பதினொன்றரை.

மூச்சுவிடாமல் இன்னொரு முறை எண்ணினார். கல்லைப் பழையபடி வைத்தார். பேனாவைத் திறந்ததும் கை பழக்கதோஷத்தில் 'ஐந்தாம்' என்று தொடங்கப் போனது. இடக்கையால் அதைப் பிடித்து நிறுத்தினார்.

மறுநாள் மச்சினன் பதிவேட்டை வாங்கிப் புரட்டினான். புருவம் சுருங்கியது.

"என்ன மாமா, ஓடை முழுக்கத் தேடியும் ஒன்னுமே இல்லையா?"

"அரைகூட இல்ல மாப்ளே," என்றார் அரை, வலக்கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு.