தாமிரம் ஒத்துக்கொள்ளும் நத்தை

கடல் நத்தையைச் சாகடிக்கத் தெரியாதவர் ஓசூரில் ஒருவர்கூட இல்லை. உயிரோடு வைத்திருக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருக்கலாம், அதில் மூன்று பேர் பொய் சொல்கிறார்கள்.

நான் ஒரு வண்ணமீன் கடையில் வேலை செய்கிறேன். உப்புத் தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் என் பொறுப்பு. கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னத்தான் நத்தை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து தெர்மாகோல் பெட்டியில் பஸ் ஏறி வரும். கடலையே பார்க்காத ஊரில் அதை வாழவைக்க வேண்டும், செத்தால் திட்டு வாங்க வேண்டும். நத்தைக்காகத் திட்டு வாங்கிய எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நாம் சிலர் இருக்கிறோம்.

இந்த வேலையை நான் விடாததற்குக் காரணம் என் மகள் சஞ்சு. இரண்டரை வயது. காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும், இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டாவது முறை பிளே ஸ்கூலில் வந்தது. மறுநாளே அவளை இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கணவருக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட். "பாப்பாவயும் கூட்டிகினு வாம்மா" என்று சொன்ன ஒரே மனிதர் கடை முதலாளி நாகராஜண்ணா. அதனால் அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருப்பாள், என் கண்ணுக்கு எதிரே. இப்போது தூங்குகிறாள். எழுதுகிற நடுவே எழுந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லுப்பு

பாகலூர் ரோடு அபார்ட்மென்ட்டில் இருக்கும் ஒருவர் எட்டு நத்தை வாங்கிப் போனார். கூடவே தொட்டிக்கான கடல் உப்புப் பாக்கெட்டையும் எடுத்துக் கொடுத்தேன். விலையைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். அப்போதே எனக்கு உறுத்தியது.

நான்காம் நாள் எட்டையும் ஒரு கேரி பேக்கில் போட்டுக்கொண்டு வந்தார். நாற்றத்தில் கடையிலிருந்த இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள். என்ன உப்பு போட்டீர்கள் என்று கேட்டேன். மளிகைக் கடைக் கல்லுப்பாம். அது வெறும் உப்பு, கடல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து முதல் இன்னும் எத்தனையோ இருக்கிறது, அதெல்லாம் இல்லாமல் நத்தைக்கு ஓடு கூட வளராது என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் என்னைவிடப் பொறுமையாகக் கேட்டார்: "இதுவும் கடல்லதானே மேடம் எடுக்கறாங்க, உங்க கடைப் பின்னாடியா காய்ச்சறாங்க?"

மல்லாந்து கிடந்தது

ஒரு நத்தை மல்லாந்து விழுந்தால் பல நேரம் தானாக எழ முடியாது. நாம்தான் கையை விட்டுத் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் பட்டினியிலேயே செத்துவிடும், இல்லாவிட்டால் நண்டு தின்றுவிடும். ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

ஐ.டி. பையன் ஒருவன் ஃபோன் செய்தான். நத்தை இரண்டு நாளாகக் காலை மேலே தூக்கித் தூங்குகிறதாம். தூங்கவில்லை, உடனே திருப்பி விடுங்கள் என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். வலிப்பு வரும்போது குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று ஒரு டாக்டர் எனக்குச் சொல்லித் தந்தார். முதல் முறை அது எனக்குத் தெரியாது, மல்லாக்கவே பிடித்துக்கொண்டு அலறினேன். தெரியாமல் இருப்பது தப்பில்லை. சொன்ன பிறகும் வேடிக்கை பார்ப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பையன் நிதானமாகச் சொன்னான்: "ஒவ்வொரு தடவையும் எழுப்பி விட வீட்ல ஆள் வெச்சுக்க முடியுமா மேடம்?"

ஐஸ்கிரீம் கோன்

ஒரு திங்கட்கிழமை வந்த பெட்டியில் எங்கள் நத்தைகளோடு வேறு ஒன்றும் கலந்து வந்திருந்தது. ஐஸ்கிரீம் கோன் வடிவம், பளபளப்பு, மேலே பழுப்பில் கோலம் போட்டதுபோலக் கோடுகள். கூம்பு நத்தை. அதற்குள்ளே விஷ ஊசி மாதிரி ஒன்று இருக்கும். சில வகை குத்தினால் பெரிய ஆளே பிழைப்பது கஷ்டம்.

நான் பில் போட்டுவிட்டுத் திரும்பினால், சஞ்சு ஸ்டூலிலிருந்து இறங்கிப் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறாள். விரலுக்கும் அதற்கும் நடுவே நான்கு விரற்கடை. பிடித்து இழுத்தேன், இழுத்த வேகத்தில் ஒரு அடியும் வைத்துவிட்டேன். அவள் அழ, நான் அழ, இடுக்கியால் அதை எடுத்து ஒரு பாட்டிலில் போட்டு மூடியை இறுக்கினேன். எங்கள் கை எல்லாம் போகிற பெட்டி, அனுப்புகிறவன் பார்த்து அனுப்ப மாட்டானா என்று நாகராஜண்ணாவிடம் சத்தம் போட்டேன். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பாப்பாவ எதுக்கும்மா அடிக்கற? பாக்க எவ்ளோ லட்சணமா இருக்குது, முன்னாடி ஷோவுக்கு வெச்சா நாலு பேர் உள்ள வருவாங்க."

கை ராசி

இனி கம்பெனிக் கதைக்கு வருகிறேன். சிப்காட்டில் ஒரு பெரிய கம்பெனி. ரிசப்ஷனில் ஆறடி உப்புத் தண்ணீர்த் தொட்டி. எங்கள் கடைக்கு அதைவிடப் பெரிய வாடிக்கை கிடையாது. வாரம் ஒரு மதியம் நான் போய்ப் பார்ப்பேன், சஞ்சு விசிட்டர் சோபாவில் உட்கார்ந்திருப்பாள். மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. நத்தைகள் மட்டும் மூன்றாவது வாரம் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்து செத்தன. புதிதாக விட்டேன். அவையும் செத்தன. உப்பு, சூடு, எல்லாம் அளந்தேன். எல்லாம் சரி.

அட்மின் சார் என்னை ரிசப்ஷனில் நிற்கவைத்தார். கான்வென்ட்டில் பன்னிரண்டு வருடம் படித்த பழக்கம், என்ன தப்பு என்று தெரிவதற்கு முன்பே "சாரி சார்" என்றேன். செக்யூரிட்டி, டிரைவர்கள், ரிசப்ஷன் பெண், எல்லோரும் கேட்கிற மாதிரி அவர் கேட்டார்: "வீட்டுக்குத் தூரமா இருக்கறப்போ கை வெச்சீங்களாம்மா?"

அத்தனை பேர் முன்னால் என் மாதவிலக்கைக் கேட்கிறார். காது வரைக்கும் எரிந்தது. கடைக்குத் திரும்பினேன், அதற்குள் ஃபோன் வந்துவிட்டிருந்தது. நாகராஜண்ணா கோபம் வந்தால் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். "அம்மா தல்லி, இன்னொருக்கா அங்க நத்தை செத்துதுன்னா, நீயும் வர வேணாம், பாப்பாவும் வர வேணாம்."

செம்புக் குடம்

ஆறு நத்தை விட்டேன். மதியம் போகிற வழக்கத்தை விட்டுவிட்டு, ஒருநாள் காலை ஷிஃப்ட் பஸ்கள் வந்து நிற்கும் நேரத்துக்கே போனேன். சஞ்சு தோளில் தூக்கம்.

தொட்டிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு அட்மின் சார் நின்றுகொண்டிருந்தார். மூலையில் சாமி படம், அதன் கீழே ஒரு செம்புக் குடம். அதிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு, வாய்க்குள் ஏதோ சொல்லி, தொட்டியில் ஊற்றினார். கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார். ஈசானிய மூலையில் தண்ணீர், ராத்திரி முழுக்கச் செம்பில் ஊறிய தண்ணீர், கம்பெனிக்கு நல்லதாம். தாமிரம் துளி கரைந்தாலும் கடல் நத்தைக்கு விஷம். மீன் தாங்கும், நத்தை தாங்காது. எல்லாம் அளந்த நான் அதை மட்டும் அளக்கவில்லை. இந்தத் தொட்டியில் செம்பு எங்கிருந்து வரும் என்று யார் நினைப்பார்கள்? தரை துடைத்துக்கொண்டிருந்த முனியம்மா அக்கா நிமிர்ந்தார்கள். "தெனமும்தான் ஊத்துறாரு கண்ணு. சாமி காரியம், நாம எதுக்கு வாயைத் தொறக்கணும்னு சும்மா இருந்துட்டேன்."

பத்து மணிக்கு அட்மின் சார் அறைக்குப் போனேன். தொட்டித் தண்ணீர் பிடித்த சோதனைக் குழாயில் தாமிரத்தைக் காட்டும் மருந்தைச் சொட்டுவிட்டு, நிறம் மாறியதை அவர் மேஜை மேலேயே வைத்துக் காட்டினேன். இந்த முறை சாரி சொல்லவில்லை. ஒரு இடுப்பில் சஞ்சு, ஒரு கையில் குழாய். தினமும் நீங்கள்தான் சார் விஷம் ஊற்றுகிறீர்கள், என் கை இல்லை என்றேன். அவர் குழாயையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதும்மா, எங்க வீட்ல எல்லாரும் குடிக்கறோம். நீங்க ஒண்ணு பண்ணுங்க, தாமிரம் ஒத்துக்கற நத்தையாக் கொண்டாங்க."

எவர்சில்வர்

மீன்களையும் அந்த ஆறு நத்தையையும் கடைக்கு மாற்றினேன். மணல், பாறை, தண்ணீர் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு நான் ஒருத்தியாகவே தொட்டியை மறுபடி கட்டினேன். அட்மின் சாரும் மனம் இரங்கி, குடத்தை மாற்றிவிட்டேன் என்று ஃபோன் செய்தார். போய்ப் பார்த்தால் பளபளவென்று பித்தளைக் குடம். பித்தளையிலும் பாதிக்கு மேல் தாமிரம்தான். அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

ஊற்றாதீர்கள் என்றால் கேட்கப்போவதில்லை என்று புரிந்துவிட்டது. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் குடமும் சொம்பும் கொண்டுபோய் வைத்தேன். சொம்பு சஞ்சுவின் முதல் பிறந்தநாளுக்கு வந்தது, அவள் பெயர் வெட்டியிருக்கும். குடத்தில் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும், தினம் ஒரு சொம்பு, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்றேன். தொட்டியில் தினமும் ஆவியாகிறது வெறும் தண்ணீர், உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. அதை ஈடுகட்ட யாராவது தினமும் நல்ல தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். வாரம் ஒரு முறை போகிற என்னால் முடியாத வேலை. பக்தியாக ஊற்றுகிறவர் ஒருநாள்கூடத் தவறவில்லை.

ஆறு நத்தையும் இப்போது ஏழாவது வாரம் ஊர்கின்றன. நேற்று நாகராஜண்ணா நேரில் பார்க்க வந்தார். அவர் தோளில் கையைப் போட்டு அட்மின் சார் சொன்னார்: "நான் பார்த்து ஊத்த ஆரம்பிச்சப்புறம்தான் பொழைக்குது. பாப்பா பேரு ராசியான பேரு, அம்மாவுக்குத்தான் கை ராசி பத்தாது."

நத்தை செத்தால் என் கை, பிழைத்தால் அவர் கை என்பதுதான் இந்தத் தொழில். ஆனாலும் வேலை போகாமல், என் மகளை இன்னொருவர் கையில் விடாமல் இந்த மாதத்தையும் ஓட்டிவிட்டேன்.