அக்கா கொண்டுபோகாத சர்டிபிகேட்

அக்கா போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். "நல்லதா நாலு வார்த்த எழுதுக்கா. பொறுமை, அன்பு, தியாகம், அப்டி" என்றான். அன்பு சரி. பொறுமை என்று எழுதினால் அக்காவிடம் படித்தவர்கள் சிரிப்பார்கள். பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் அடுத்த நிறுத்தம் வரை நடந்தே போய் நிற்பவர் அவர். எனக்கும் அதே குணம்தான். இதை எழுத உட்கார்ந்துவிட்டு எத்தனை முறை எழுந்து போனேன் என்று எனக்கே தெரியாது. அக்காவுக்கு நான் செய்த ஒன்றைச் சொல்லாமல் என்னால் எழுத முடியவில்லை. உறவினர்களும் அக்காவின் மாணவர்களும் அதையும் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

ஆந்திராவில், குடுபல்லிக்குப் பக்கத்துச் சிற்றூரில், ஒரு சென்ட் நிலமும் இல்லாத வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. நைனாவும் அம்மாவும் வேர்க்கடலைக் காட்டில் கூலி வேலை செய்தார்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. சித்தூரில் ஆசிரியர் பயிற்சி முடித்து, பாகாலா பக்கம் முதல் வேலைக்குப் போனார். சில ஆண்டுகள் கழித்து மாற்றல் வாங்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு அருகிலிருந்த ஹைஸ்கூலுக்கே கணக்கு டீச்சராக வந்தார். நைனா இறந்தபின் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தவர் அக்காதான். எனக்குத் திருப்பதியில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்ததும் அவரே. தன்னை வேலையை விடச் சொன்ன இரண்டு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார். மூன்றாவது ஆள் வரவில்லை.

வகுப்பில் தெலுங்கில் கணக்கை நடத்தி முடிப்பார். பிறகு புரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளிடம் போய், அதையே தமிழில் இன்னொரு தடவை சொல்வார். தப்பாகப் போட்டாலும் திட்ட மாட்டார். "பர்வாலேது, மறுபடி போடு" என்பார். தெலுங்கில் எத்தனையோ சொற்கள் இருக்க, அக்கா வாயில் எப்போதும் இருந்தது அந்தப் 'பரவாயில்லை'தான்.

அந்த ஆண்டுகளில் பெங்களூரில் கார்மெண்ட்ஸ் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாளே எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் ரயிலேறினார்கள். சில வீடுகளில் கதவைப் பூட்டிவிட்டுக் குடும்பமாகவே போனார்கள். ரிசல்ட் வரும்போது பிள்ளைகள் ஊரில் இருக்க மாட்டார்கள். சர்டிபிகேட்டுகள் ஹெட்மாஸ்டர் அறை பீரோவில் கிடக்கும்.

"வேணுங்கறவங்க வருவாங்க டீச்சர்" என்றாராம் ஹெட்மாஸ்டர்.

"எங்க சார் வருவாங்க? ஒரு நாள் லீவு போட்டா சம்பளத்த புடிக்கிறான்" என்று அக்கா சொல்லிவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அவற்றை வாங்கிக்கொண்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்கா குப்பம் ஸ்டேஷனில் பெங்களூருக்கு ரயிலேறிவிடுவார். ஒவ்வொரு சர்டிபிகேட்டும் ஒரு காக்கி உறையில் இருக்கும், மேலே பெயரும் விலாசமும் எழுதியிருக்கும். வீடு கிடைத்தால் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருவார். கிடைக்காவிட்டால் அடுத்த ஞாயிறு வேறு தெருவில் விசாரிப்பார். என் வீட்டுச் சீமந்தம், தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம், எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் அக்கா இல்லாமலே நடந்தன. எனக்கு அதில் கோபம் உண்டு என்பதை மறைக்க மாட்டேன்.

போன வருடம் பொங்கல் கழிந்து அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. திருப்பதியில், அலிபிரிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். இதயம் பலவீனமாகிவிட்டது, மாடிப்படிகூட ஏறக் கூடாது என்றார் திருப்பதி டாக்டர். அக்கா தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "ஞாயித்துக்கெழம பெங்களூரு போயி வந்துடறேண்டி. ரேணுகா விலாசம் கெடச்சிருக்கு" என்றார்.

ரேணுகா அக்காவிடம் கணக்குப் படித்த பெண். பரீட்சை எழுதிய கையோடு அவள் குடும்பம் ஊரைவிட்டுப் போய் மூன்று வருடமாகியிருந்தது. அக்கா கையில் மிஞ்சியிருந்த ஒரே உறை அவளுடையது. ஊர் ஜாத்திரைத் திருவிழாவுக்கு வந்த யாரோ விலாசம் சொல்லியிருந்தார்கள்.

"தபால்ல அனுப்பிடலாமே" என்றேன்.

"தொலஞ்சா யாரு பொறுப்பு? அந்தப் பொண்ணு கணக்குல போயிடுச்சின்னு அழுதுக்கினே ரயிலேறுச்சிடி. இன்னும் ஃபெயிலுன்னே நெனச்சிக்கினு இருக்கும்."

சனிக்கிழமை அக்கா மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது, அவர் பையிலிருந்த உறையை எடுத்து என் பெட்டிக்குள் பட்டுப்புடவைக்கு அடியில் சொருகிவிட்டேன். உறை இல்லாவிட்டால் போக மாட்டார், உடம்பு தேறியதும் கொடுத்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம். வேறு ஒன்றும் இல்லை.

அக்கா மூன்று நாள் தேடினார். பையைக் கவிழ்த்தார், பாயை உதறினார், அரிசி டின்னுக்குப் பின்னால்கூடப் பார்த்தார். "இத்தினி வருஷத்துல ஒண்ணுகூடத் தொலச்சதில்லையே" என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் கூடவே தேடுவதுபோல் தேடினேன். நான்காம் நாள் தேடுவதை நிறுத்திவிட்டார். மறந்துவிட்டார் என்று நிம்மதிப்பட்டேன். ஒரு நாள் பெட்டியைத் திறந்தபோது, நான் சுருட்டிப் போட்டிருந்த பட்டுப்புடவை நேர்த்தியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. உறை அதனடியில் அப்படியே இருந்தது. அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு நாள் உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அக்கா கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். எடுத்துக் கொடுக்கத் துணிவு வரவில்லை. மூன்றாம் நாள் அக்காவே, "நீ ஒருவாட்டி பெங்களூரு போய்ட்டு வாடி. ரேணுகாவப் பாத்துட்டு வா" என்றார். சரி என்றேன். மறுநாள் காலையில் அக்கா போய்விட்டார்.

காரியங்கள் முடிந்ததும் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. ஞாயிறு வந்தால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போவேன், திரும்பி வருவேன். நான்கு முறை பெங்களூர் பஸ்ஸில் ஏறிச் சித்தூர் வரைக்கும் போனேன். அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, எதிர்ப்பக்கம் நின்ற திருப்பதி பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து என்னவென்று சொல்வது? இப்படியே பதினோரு மாதம் போனது. போன மாதம் தம்பி இந்தக் கட்டுரையைக் கேட்டான். ஒரு வரிகூட ஓடவில்லை. அந்த ஞாயிறுதான் சித்தூரில் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

உறைமேல் அக்கா எழுதியிருந்த பெங்களூர் விலாசம், வரிசையாக இருந்த ஒற்றை அறை வீடுகளில் கடைசி வீடு. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "டீச்சரோட தங்கச்சிங்களா? அதே மூஞ்சி. உள்ள வாங்கம்மா. எப்ப வருவீங்க, எப்ப வருவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரேணுகா தகர டப்பாவிலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்து நீட்டினாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிப்பதெல்லாம் தெலுங்கில். அக்காவும் தெலுங்கில்தான் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு நான்கு நாள் முந்தைய தேதி.

"ரேணுகா, நீ பாஸ். கணக்கில் முப்பத்தெட்டு. உன் சர்டிபிகேட் என் தங்கையிடம் பத்திரமாக இருக்கிறது. எனக்கு உடம்பு சரியில்லை, அவள்தான் கொண்டுவந்து தருவாள். அவ்வளவு தூரம் வருகிறவளைச் சாப்பிடாமல் அனுப்பிவிடாதே."

"டீச்சர் நல்லா கீறாங்களா?" என்று ரேணுகா கேட்டாள். அக்கா போய்விட்டதைச் சொன்னேன். உறையை ஒளித்துவைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அவள் உறையை வாங்கி, பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கர் வேலைக்குப் பத்தாவது பாஸான ஆளைக் கேட்டார்களாம். இவள் லெட்டரைக் காட்டினாளாம். சர்டிபிகேட் கொண்டுவா என்று ஆறு மாதம் பார்த்துவிட்டு வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

"பர்வாலேதம்மா. இன்னொருவாட்டி கேப்பாங்க" என்று எழுந்தாள். "துன்னுட்டுதான் போவணும். டீச்சர் எழுதிக்கீறாங்க இல்ல." சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

அக்காவை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும், சர்டிபிகேட்டுகளை நம்பிக் கொடுத்த ஹெட்மாஸ்டருக்கும், கடைசி நாளில் குடுபல்லியிலிருந்து வேன் பிடித்து வந்த மாணவர்களுக்கும், அக்கா கொடுத்த லெட்டரைத் தபாலில் போட்டுவிட்டு, "சொல்ல வேணாம்னாங்க" என்று ஓராண்டு வாயைத் திறக்காத என் கணவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. லீவு போட்டுத் திதிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கும் ரேணுகாவுக்கும் நன்றி.

என் பெட்டியைத் திறந்து, உறையைப் பார்த்து, புடவையை மடித்து வைத்து, ஒன்றும் நடக்காததுபோல் என் கையால் காபி வாங்கிக் குடித்தீர்களே. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே அக்கா.