ஃபாஹிமா கவுண்டருக்கு வந்த கதை

புத்தளத்தில் நாங்கள் வேலை செய்யும் உடுப்புக் கடையில், பெண்கள் உள்ளுடுப்பு வாங்குவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஆண்கள் நிற்கும் பக்கத்தைத் தாண்டி வந்து, எங்கள் காதருகே குனிந்து அளவை மெல்லச் சொல்வார்கள். நாங்கள் மறுபேச்சில்லாமல் பொதி செய்து கொடுக்க வேண்டும். இந்த முறையில்தான் எங்களோடு கவுண்டரில் நின்ற தில்லையடி ஃபாஹிமா மாட்டிக்கொண்டாள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இரண்டு காதிலும் சீழ்; சரியாகக் கேட்காது. காதுக்குள் செருகும் மெஷின் போட்டால் சீழ் இன்னும் கூடும். உதட்டைப் பார்த்தே காலத்தைத் தள்ளினாள். ஒரு நாள் முகம் மூடிய பெண்ணொருத்தி வந்து அளவைச் சொன்னாள். உதடு தெரியவில்லை. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க ராத்தா" என்று ஃபாஹிமா திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் அந்தப் பெண் ஆத்திரத்தில் கத்திய அளவு, சேர்ட் பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாருக்கும் கேட்டது.

முதலாளி றஸீன் ஹாஜியார் அன்றே அவளைப் பின்னறையில் உடுப்பு மடிக்கப் போட்டார்.

"காது கேட்டா முன்னுக்கு விடுவீங்களா ஹாஜியார்?"

"கேட்டா விடுறன்" என்றார், தொல்லை விட்டால் சரி என்பதுபோல. எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

அவள் கொழும்புக்குப் போய் ஒப்பரேஷன் செய்துகொண்டாள். காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு கருவியைப் பதித்தார்கள். வெளியே பொத்தான் போன்ற மெஷின் காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். சத்தம் பழுதான வழியை விட்டுவிட்டு எலும்பு வழியாக உள்ளே போகும். முதன்முதலில் அதைப் போட்டபோது டாக்டர் தன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பெயரைக் கேட்டாராம். பெயரைச் சொல்லிவிட்டு இவள் அழுதாளாம்.

அவளுடைய உம்மாவுக்கோ வேறு பயம். "மாப்பிள்ள வீட்டாக்கள் கண்டா என்ன சொல்லுவாங்க? மூடு புள்ள." ஃபாஹிமாவும் ஸ்கார்ஃபுக்குள் போடும் தொப்பியை மெஷினுக்குமேல் இறுக்கிக் கட்டினாள். மெஷின் அமுங்கி, தோல் சிவந்து, புண்ணாகிவிட்டது.

"ஒப்பரேஷன் நல்லா வந்திருக்கு. ஆனா இந்தப் புண் ஆழமாப் போனா உள்ளுக்கு வச்சதையும் எடுக்க வேண்டி வரும்" என்றார் டாக்டர். புண் ஆறும்வரை மெஷின் போடக்கூடாது.

பின்னறையில் மறுபடி என் உதட்டைப் பார்க்கத் தொடங்கினாள். "கேக்காம இரிக்கிறது பழக்கம் அலீமா. கேட்டுட்டு கேக்காம இரிக்கத்தான் ஏலா" என்றாள்.

புண் ஆறியது. டாக்டர் காந்தத்தின் இழுவையைக் குறைத்து, மெல்லிய தொப்பிக்கு மேலேயே ஒட்டச் சொன்னார்; எதையும் இறுக்கிக் கட்டக்கூடாது. மெஷின் வெளியே தெரியுமே என்று உம்மா அழுதார்.

"அவங்களுக்குக் கண் இரிக்கி, பாக்கட்டும் உம்மா. எனக்குக் காது வேணும்."

நோன்பின் கடைசி நாட்கள், பெருநாள் வியாபாரம். கடையில் கால் வைக்க இடமில்லை. ஃபாஹிமா மெஷின் வெளியே தெரிய, முன்னுக்கு வந்து நின்றாள். "ஹாஜியார், இப்ப கேக்குது."

ஹாஜியார் முதுகைத் திருப்பிக்கொண்டு, "இந்த நெரிசல்ல இவ வேற" என்று முணுமுணுத்தார்.

"அதுவும் கேக்குது ஹாஜியார்."

மனுசன் கவுண்டரைக் காட்டினார். எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. அன்று முழுவதும் புதுச் சேர்ட்டுகளில் குத்தியிருந்த குண்டூசிகள் அவளுடைய மெஷினில் போய் ஒட்டிக்கொண்டன. பிடுங்கிப் போட்டபடியே வியாபாரம் செய்தாள்.

பின்னேரம் அதே முகம் மூடிய பெண் வந்தாள். ஃபாஹிமாவைக் கண்டதும் தயங்கி, என்னைத் தேடினாள். நான் வேண்டுமென்றே துணி மடிக்கக் குனிந்துகொண்டேன். வேறு வழியில்லாமல் அவள் ஃபாஹிமாவிடம் குனிந்தாள். பக்கத்திலேயே நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஃபாஹிமா திரும்பக் கேட்காமல் ஒரு பெட்டியை இறக்கிப் பொதி செய்து கொடுத்தாள். அந்தப் பெண் பொதிக்குள் அளவைப் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்து ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

அவள் போனதும், "என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"கவுண்டர்ல கேட்டத வெளியில சொல்ல ஏலா அலீமா" என்றாள் ஃபாஹிமா.