எந்த குமார்?

நெதர்லாந்துக்கு வந்து நாலு வருஷமாகியும் ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. என் பெயரைச் சொன்னால் இங்கே யாரும் "எந்த குமார்?" என்று கேட்பதில்லை. திருப்போரூர் பக்கம் இருக்கும் எங்கள் நிறுவனத்தின் கிளையில், என் குழுவிலேயே மூன்று குமார்கள். நான் அச்சரப்பாக்கம் குமார். கணினி நிரலை ஆளுக்கொரு பிரதியாகப் பிரித்து வேலை செய்வோம். அதற்கு பிராஞ்ச் என்று பெயர். அங்கே பிராஞ்சுக்கும் ஊர், சாய்கோடு, ஆள், சாய்கோடு, வேலை என்றுதான் பெயர் வைப்போம்.

சென்ற வாரம், கண்டபடி பெயர் வைத்துப் போட்ட பிராஞ்சுகளை அழிக்கும் கருவிக்கு விதி எழுதும் வேலை என்னிடம் வந்தது. எவற்றை விட்டுவைப்பது என்பதை நட்சத்திரக் குறியால் சொல்ல வேண்டும். ஒரு நட்சத்திரம் போட்டால் அந்த இடத்தில் என்ன வந்தாலும் ஏற்கும், ஆனால் சாய்கோட்டைத் தாண்டாது. இரண்டு போட்டால் எத்தனை சாய்கோட்டையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். இந்தச் சின்னக் குறிக்குள் இவ்வளவு கண்டிப்பா என்று வியந்துகொண்டே, இங்குள்ளவர்கள் வழக்கப்படி ஆள், வேலை என்று இரண்டு அடுக்குக்கு எழுதி முடித்தேன். அழியப்போகும் பட்டியல் எல்லோருக்கும் போனது. உடனே போன் வந்தது, திருப்போரூர் குமார்.

"இன்னா மச்சான், ஊர் பேர் போட்டா அழிச்சிருவியா? என் லேப்டாப்பு வேற பூட்ச்சி. மூணு வாரத்து வேலை அந்த பிராஞ்சுல மட்டுந்தான் கீது!"

எனக்கு வெட்கமாகிவிட்டது. மேலாளர் அன்னிகாவிடம் ஓடினேன்.

"திருப்போரூர் என்பது அவர் குடும்பப் பெயரா?"

"இல்லை, ஊர்."

"நிரலில் ஊருக்கு என்ன வேலை?"

மூன்று குமார்களைப் பற்றி விளக்கினேன். பாதி புரிந்தது போலத் தலையாட்டினாள். இரண்டு நட்சத்திரம் போட்டால் குப்பையெல்லாம் தங்கிவிடும் என்றாள்; அதுவும் சரிதான். கடைசியில் மூன்று அடுக்குக்குத் தனியாக இன்னொரு வரி எழுதினேன். அதைச் சேர்க்கும் முன் அன்னிகா பட்டியலின் அடியில் ஒரு பெயரைக் காட்டினாள்.

"இந்த அச்சரப்பாக்கம் குமார் யார்? நாலு வருஷமாகத் தொடவே இல்லை. இதையாவது அழிக்கலாமா?"

கிளம்பும் அவசரத்தில் நான் பாதியில் விட்டது. சுத்தமாக மறந்திருந்தேன்.

"வேலையை விட்டுப் போனவரா?"

"இல்லை."

"அப்படியானால் திரும்பி வந்து முடிப்பாரா?"

"தெரியவில்லை" என்றேன். புது வரியைச் சேர்த்தேன். இரண்டு குமார்களும் அழியப்போகும் பட்டியலிலிருந்து மறைந்தார்கள்.