நாலு சுவிசேஷம், ஒரே வாரம்

உபதேசியார் வேலையில் பிரசங்கம் பண்ணுவது பெரிய காரியம் இல்லை. பிரசங்கம் முடிந்து எல்லாரும் வாசலில் செருப்பைத் தேடும்போது ஒருவர் கிட்டே வந்து மெதுவாக ஒரு கேள்வி கேட்பாரே, அதைத் தாண்டி வீடு போய்ச் சேருவதுதான் வேலை. லெந்து காலத்தில் வேதபாடம் எடுத்து மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சோமனூரில் எங்கள் சபை சின்னது. ஆயர் ஒருவரே நாலைந்து ஊர்களைப் பார்த்துக்கொள்வதால் வாரநாள் கூட்டங்கள் என் பொறுப்பு. இந்த வருஷம் எனக்கு ஒரு யோசனை வந்தது. பரிசுத்த வாரத்தில் தினமும் கூடுவோம். எந்தெந்த நாளில் இயேசு என்ன செய்தாரோ, அதை அந்தந்த நாளிலேயே படிப்போம். சபையார் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். ஒரு பெரிய சார்ட் அட்டை வாங்கி, மேலே கிழமைகளையும் பக்கவாட்டில் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று நாலு பேரையும் எழுதிக் கட்டம் போட்டேன். ஒரு மத்தியானத்தில் நிரப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்து நாற்பது நாளும் அதிலேயே போயிற்று.

அரிசி ஊறப்போடும் நாள்

முதலில் வந்தவர் செல்வி அக்கா. எங்கள் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. அவர் வீட்டுக்காரர் பால்ராஜ் ஊருக்குள் தறிக்குடோன் வைத்திருக்கிறார். பெத்தானியாவில் இயேசுவுக்கு விருந்து கொடுத்தார்கள் அல்லவா, அந்த நாளில் சபைக்கே இட்லி சாம்பார் போடுவது என்று பெண்கள் தீர்மானித்துவிட்டார்கள். "எந்த நாளுங்க?" என்று கேட்டார். நான் அட்டையைப் பார்த்தேன். அங்கேதான் வினை. யூதரின் பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாளைக்கு முன்னால் பெத்தானியாவுக்கு வந்தார், அங்கே விருந்து, மார்த்தாள் பரிமாறினாள், மரியாள் பாதத்தில் தைலம் பூசினாள் என்கிறார் யோவான். அப்படியானால் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள். மாற்குவோ, பஸ்காவுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது என்று ஆரம்பித்து, குஷ்டரோகியான சீமோன் வீட்டில் ஒரு பெண் தலையில் தைலம் ஊற்றினாள் என்கிறார். அது புதன்கிழமைப் பக்கம் வருகிறது.

ரெண்டும் ஒரே விருந்தா, வேறு வேறா என்று பெரியவர்களே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். மாற்கு சம்பவத்தை நாள் வரிசைப்படி சொல்லாமல், யூதாசின் துரோகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கலாம் என்றும் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "மாற்கும் யோவானும் பேசி மெதுவா ஒரு முடிவுக்கு வரட்டுங்க. எனக்கு அரிசி ஊறப்போடற நாளை மட்டும் சொல்லிப்போடுங்க."

யோவான்தான் நாளைத் தெளிவாகக் குறிப்பிடுகிறார் என்பதால், சனிக்கிழமை என்று சொல்லி அனுப்பினேன்.

பஸ்ஸில் பட்டுப்போன அத்திமரம்

அடுத்த சிக்கல் அத்திமரம். மாற்கு சொல்கிறபடி, இயேசு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். மறுநாள் காலையில் அத்திமரத்தைச் சபிக்கிறார், பிறகு தேவாலயத்தில் வியாபாரம் பண்ணினவர்களைத் துரத்துகிறார். அதற்கும் மறுநாள்தான் மரம் பட்டுப்போனதைச் சீஷர்கள் பார்க்கிறார்கள். மத்தேயுவைத் திறந்தால் துரத்தினது முதலில், மரம் அதற்குப் பிறகு, அதுவும் உடனே பட்டுப்போகிறது. லூக்காவில் அந்த மரமே இல்லை. யோவானோ துரத்தின கதையைத் தன் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறார்.

ஒருநாள் சூலூரில் ஒரு சபையாரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். மடியில் ரெண்டு வேதாகமம் விரித்து, ஒன்றில் மத்தேயு, ஒன்றில் மாற்கு. பக்கத்தில் வேட்டி சட்டையோடு ஒரு தோட்டத்துக்காரர். கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தவர், "ஏனுங்க, வக்கீலுங்களா?" என்றார். இல்லைங்க என்று விஷயத்தைச் சொன்னேன். ஒரே சம்பவத்தை நாலு பேர் எழுதியிருக்கிறார்கள், வரிசை இடிக்கிறது, அதுதான் தலைவலி என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும் இடம் வந்ததும் எழுந்து, மஞ்சப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க வரப்புக் கேஸ்ல நாலு சாட்சியும் ஒரு எழுத்து மாறாம ஒரே மாதிரி சொன்னாங்க. அதனாலதானுங்க தோத்தோம்."

பெருந்துறையில் மூன்று ராத்திரி

சனிக்கிழமை விருந்துக்கு யார் யார் வருவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் செல்வி அக்காவின் கண் கலங்கியது. அவருக்கு ஒரே தம்பி, ஸ்டீபன். பெருந்துறை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. கொஞ்ச காலத்துக்கு முன் அங்கே ஒரு தனிச் சபையில் சேர்ந்துவிட்டான். அந்தச் சபையில் இயேசுவைச் சிலுவையில் அறைந்தது புதன்கிழமை என்று போதிக்கிறார்கள். போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை அக்கா வீட்டில் இதைச் சொல்லப்போய், அவனுக்கும் பால்ராஜுக்கும் பேச்சு முற்றிவிட்டது. அன்றைக்கு எழுந்து போனவன் அக்கா வீட்டு வாசல்படி மிதிக்கவே இல்லை. "கிழமைதானுங்களே பிரச்சினை? நீங்க போய் வெளக்கிப்போட்டு வாங்க" என்றார் அக்கா. விளக்கிவிடுவது என்று நானும் கங்கணம் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஸ்டீபன் மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தான். அவனும் சும்மா இல்லை. "மீன் வயித்துல இருந்த யோனாவைப் போல மூணு பகலும் மூணு ராத்திரியும் பூமிக்குள்ள இருப்பேன்னு ஆண்டவரே சொல்லியிருக்காருங்க. வெள்ளிக்கிழமை அடக்கம், ஞாயித்துக்கிழமை உயிர்த்தெழுதல்னா மூணாவது ராத்திரி எங்கீங்க?" என்றான். அந்த வாரத்து ஓய்வுநாளை யோவான் பெரிய ஓய்வுநாள் என்கிறாரே, அது சனிக்கிழமை இல்லை, பண்டிகையின் ஓய்வுநாள், வியாழக்கிழமை என்றான். நான் விடவில்லை. அந்தக் காலத்தில் நாளின் ஒரு துண்டையும் முழு நாளாக எண்ணுவார்கள். எஸ்தர் ராஜாத்தி மூன்று நாள் இரவும் பகலும் உபவாசம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நாளே ராஜாவைப் பார்க்கப் போகவில்லையா என்றேன். எம்மாவுக்குப் போன சீஷர்கள் ஞாயிற்றுக்கிழமையன்று, இதோடு மூன்றாவது நாள் என்று சொல்லவில்லையா என்றேன். அதற்கு அவன் கொஞ்சம் யோசித்தான். மூன்றாவது ராத்திரியைக் காட்டச் சொன்னபோது நானும் யோசித்தேன்.

டீ டம்ளரை எடுத்து வைத்துவிட்டு வந்தவன் குரல் இறங்கிப்போயிருந்தது. அன்றைக்கு அக்கா வீடு நிறைய ஒறம்பரை, சொந்தக்காரர்கள் இருந்தார்களாம். அவன் வேதாகமத்தைத் திறந்து வசனம் காட்டும்போது, பால்ராஜ் பக்கத்தில் இருந்தவரைத் தட்டிக்காட்டிச் சிரித்தாராம். எல்லாரும் சேர்ந்து சிரித்தார்களாம். ஸ்டீபன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "கணக்கு தப்புன்னா நாளைக்கே ஒத்துக்குவேனுங்க. எல்லாரு முன்னாலயும் என்னைப் பாத்துச் சிரிச்சாரு பாருங்க, அதைத்தான் ஒத்துக்க முடியலைங்க."

தறிச் சத்தத்தில் ஒரு ரகசியம்

இதை அக்காவிடம் சொல்வதில் பிரயோசனம் இல்லை என்று தோன்றியது. நேரே பால்ராஜின் தறிக்குடோனுக்குப் போனேன். அறுந்த பாவு நூலைக் குனிந்து முடிந்துகொண்டிருந்தார். உங்களிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கையால் காட்டினேன். அவர் இங்கேயே சொல்லுங்கள் என்று காதைக் காட்டினார். நாலா பக்கமும் தறி ஓடுகிறது. "ஸ்டீபனைப் பார்த்தேன்" என்றேன். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உயர்த்திச் சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. எனக்கும் வேகம் வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "நீங்க சிரிச்சீங்களாம்! அதனாலதான் அவன் வரலை!"

நான் வாயைத் திறந்த அந்த நேரத்தில்தானா கரண்டு போக வேண்டும்? எல்லாத் தறியும் ஒரே சமயத்தில் நின்றுபோய், என் குரல் மட்டும் குடோன் முழுக்கக் கேட்டது. வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பால்ராஜ் கையிலிருந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்துவிட்டது. கோபமா வெட்கமா என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில் ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க உபதேசியாரே, அதை இத்தனை சத்தமாவா சொல்றதுங்க?"

வியாழக்கிழமைக் கட்டம்

அட்டையில் மற்றக் கட்டங்கள் ஒருவழியாக நிரம்பின. வியாழக்கிழமை மட்டும் அடங்கவில்லை. அந்த இராப்போஜனம் பஸ்கா விருந்துதான் என்று மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் சொல்கிறார்கள். யோவானில், மறுநாள் காலையில் இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுபோகிறவர்கள் அரண்மனைக்குள் நுழையவில்லை. நுழைந்தால் தீட்டாகி, பஸ்கா சாப்பிட முடியாதாம். அப்படியானால் பஸ்கா விருந்து முந்தின நாள் முடிந்ததா, இன்னும் வரவில்லையா? ரெண்டு விதமான பஞ்சாங்கம் இருந்திருக்கலாம் என்கிறார்கள் சிலர். பஸ்கா என்ற சொல் அந்த வாரத்து மற்ற விருந்துகளையும் குறிக்கும் என்கிறார்கள் சிலர். பஸ்கா ஆட்டுக்குட்டிகளை அடிக்கும் நேரத்தில்தான் இயேசு மரித்தார் என்பதைக் காட்டவே யோவான் அப்படி எழுதினார் என்கிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் எழுதி, கட்டத்தில் இடம் போதாமல் வெள்ளைத்தாள் ஒட்டி, அதன் கீழே இன்னொரு தாள் ஒட்டினேன்.

எங்கள் ஆயர் ஒரு பெண்மணி. வேதாகமக் கல்லூரியில் கிரேக்கு படித்தவர். அட்டையைக் கோவைக்கு எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். ஒட்டுத்தாள் மேசையைத் தாண்டித் தொங்கியது. முழுவதும் படித்துவிட்டு, "இதுல எது சரின்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன்: தெரியவில்லை அம்மா. அப்படிச் சொன்னால் சபையார் விசுவாசத்தில் தடுமாறிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் ஒட்டுத்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தெரியலைன்னு சொல்ல ஒரு வரி போதும். தெரிஞ்ச மாதிரிச் சொல்ல எவ்வளவு நீளம் தேவைப்படுது பாருங்க."

பஸ்ஸில் திரும்பும்போதே ஒட்டுத்தாளைக் கிழித்துவிட்டேன். கட்டத்தில் மூவர் சொல்வதையும் யோவான் சொல்வதையும் பக்கம் பக்கமாக எழுதி, "முழுதாகப் பொருத்த எனக்குத் தெரியவில்லை" என்று கீழே போட்டேன். வெள்ளிக்கிழமைக் கட்டத்திலும் சிலுவையில் அறைந்ததாக மாற்கு சொல்லும் மூன்றாம் மணி வேளையும், இன்னும் பிலாத்துவின் முன்னால் நின்றதாக யோவான் சொல்லும் ஆறாம் மணி வேளையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அட்டையின் கடைசி வரியில், "சிலுவைப்பாடு புதன்கிழமை நடந்தது என்று நம்புகிற சபைகளும் உண்டு" என்று, அவர்கள் காட்டும் வசனங்களோடு சேர்த்தேன். சபையில் ரெண்டு பேருக்கு அது பிடிக்கவில்லை. நான் அழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நண்பகல்

பரிசுத்த வாரம் வந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை இட்லி நன்றாக இருந்தது, ஸ்டீபன் வரவில்லை. புதன்கிழமைக் கூட்டத்துக்குப் பால்ராஜும் வரவில்லை, செல்வி அக்காவும் வரவில்லை. நான் போட்ட சத்தத்தில் இருக்கிற குடும்பத்தையும் விரட்டிவிட்டேன் என்றே நினைத்தேன். வியாழக்கிழமையும் அவர்கள் இல்லை.

பெரிய வெள்ளி ஆராதனை பன்னிரண்டு மணிக்கு ஆரம்பம். வெயில் ஓட்டுக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. ரெண்டாவது பாட்டு பாடும்போது வாசலில் செல்வி அக்கா. பின்னாலேயே பால்ராஜ். அவருக்கும் பின்னால், வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்டீபன். பின்வரிசையில் இடம் நெருக்கம். பால்ராஜ் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, கர்ச்சீப்பால் இடத்தைத் துடைத்து, "உக்காரு மாப்ள" என்றார். எனக்குப் பாட்டில் ஒரு சரணம் விட்டுப்போயிற்று.

மூன்று மணிக்கு ஆராதனை முடிந்ததும் அக்கா என்னிடம் வந்து நடந்ததைச் சொன்னார். புதன்கிழமை காலையில் பால்ராஜ் தறியை நிறுத்திவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, "கெளம்பு, பெருந்துறைக்குப் போலாம்" என்றிருக்கிறார். ஸ்டீபன் சபையில் அன்றைக்குத்தான் சிலுவைப்பாட்டு ஆராதனை. அங்கே பின்னால் உட்கார்ந்து முடியும்வரை இருந்திருக்கிறார். எல்லாரும் கலைகிற நேரத்தில் மைத்துனனின் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் சபையார் முன்னாலேயே, "அன்னிக்கு நான் சிரிச்சது தப்பு மாப்ள" என்றிருக்கிறார். கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். வியாழக்கிழமையும் அங்கேயே தங்கி, அவனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். "அவரு மன்னிப்புக் கேட்டு நான் பாத்ததே இல்லீங்க" என்றார் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

ஸ்டீபன் அதற்குள் சுவரில் இருந்த அட்டை முன்னால் நின்று, கட்டம் கட்டமாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. தன் சபையின் வசனங்களை இரண்டு தடவை படித்தான். மனசு மாறிவிட்டதா என்று நான் கேட்கவில்லை; மாறவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பால்ராஜ் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஸ்டீபன் என் பக்கம் திரும்பிச் சொன்னான்: "இந்த வாரம் மாமாவும் நானும் ஆண்டவரை ரெண்டு தடவை அடக்கம் பண்ணிப்போட்டோமுங்க. ஞாயித்துக்கிழமை கல்லறை காலியா இருந்துச்சுங்கறதுல சண்டை இல்லியே, அதை ஒண்ணாவே பாத்துக்கலாமுங்க."

நாலு சுவிசேஷக்காரர்களை இன்றுவரை என்னால் ஒரே அட்டையில் முழுசாக உட்காரவைக்க முடியவில்லை. சோமனூர்க்காரரும் பெருந்துறைக்காரரும் என் விளக்கம் எதுவும் இல்லாமலேயே ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள்.