ஒன்பது பிறந்துவிட்டது

எட்டு மாதக் கர்ப்பிணியை எங்கள் ஆட்கள் பயணம் அனுப்ப மாட்டார்கள். ஏழில் தாய்வீட்டுக்கு அழைத்துவரலாம், ஒன்பதில் வரலாம்; எட்டில் கூடாது, பிள்ளைக்கு ஆகாது. என் தலைப்பிரசவத்துக்கு ஏழில் அம்மா இருந்த மட்டாஞ்சேரிக்கு வர முடியவில்லை. பாலக்காட்டில் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். அரையாண்டுத் தேர்வு முடியாமல் லீவு இல்லை என்றுவிட்டார்கள். தேர்வு முடிந்தபோது எட்டு நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை என் மாமியார் காப்பி ஆற்றிக்கொண்டே, ஒன்பது பிறந்துவிட்டது என்று வீட்டுக்கே அறிவித்தார். விரல்விட்டு எண்ணினேன். பிறக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் மாமியார் ஒன்பது என்றால் ஒன்பதுதான். எனக்கும் அம்மாவிடம் போக ஆசை. வாயை மூடிக்கொண்டு ரயில் ஏறினேன்.

படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த லேடி டாக்டரிடம் அம்மா கூட்டிப்போனாள். கடைசி மாதவிலக்கு எந்தத் தேதியில் என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு ஒரு தேதியைச் சொன்னாள். மாமியாரின் ஒன்பதுக்குக் கச்சிதமாகப் பொருந்திய தேதி. அம்மாவையும் ஏமாற்றிவிட்டார்களே என்று வருத்தமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எட்டில் அனுப்பிய பழி மாமியார் வீட்டின் மேல் விழும், இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்துபோகும். சும்மா இருந்தேன்.

திருத்த வேண்டிய விடைத்தாள்களைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். தப்பாக எண்ணுவதற்கும் தப்பாக மதிப்பிடுவதற்கும் ஆங்கிலத்தில் உள்ள வினைச்சொற்களை வைத்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன்: மிஸ்கவுன்ட், மிஸ்ஜட்ஜ், அண்டர்எஸ்டிமேட், ஓவர்லுக். ஒருத்தியின் அப்பா ஆடுகளை மிஸ்கவுன்ட் செய்திருந்தார். இன்னொருத்தியின் அண்ணன் மழையை அண்டர்எஸ்டிமேட் செய்து காய்ச்சலில் கிடந்தான். முதலில் சிரிப்பு வந்தது. டாக்டர் குறித்த பிரசவ நாள் நெருங்க நெருங்க அது போய்விட்டது. அந்த வாக்கியங்களில் எல்லாம் தப்புச் செய்த ஆள் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நம் வீடுகளிலோ கணக்கு தானாகவே தப்பிப் போகும். யார் என்று எவரும் கேட்பதில்லை.

டாக்டரின் நாள் வந்தது, போயிற்று. வலி வரவில்லை. எதிர்வீட்டுச் சேச்சி தினமும் எட்டிப் பார்த்து, ஆச்சா என்று கேட்டுப்போனாள். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. என்னைப் பார்ப்பதையே தவிர்த்தாள்.

மறுபடி போனபோது டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து முகம் சுளித்தார். இத்தனை நாளுக்குப் பிள்ளை சின்னது, உள்ளே வளரவில்லை, இனி விட்டுவைக்க முடியாது. திங்கட்கிழமை சேர்த்துவிடுங்கள், மருந்து ஏற்றி வலி வரவைக்கலாம் என்றார். எனக்கல்லவா தெரியும். பிள்ளை சின்னதில்லை. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. காயிலேயே பறிக்கப் போகிறார்கள்.

அம்மாவுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம் தெரியாது. அதனால் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன், ஒரு மாதம் மிஸ்கவுன்ட் ஆகிவிட்டது என்று. அவர் பேனாவைக் கீழே வைத்து, யார் என்று கேட்டார்.

“ஐ டிட்” என்றேன்.

சரியான தேதியைக் கேட்டு, எண்ணிப் பார்த்து, திங்கட்கிழமையை அடித்தார். பிறகு கோபம் தாளாமல் மலையாளத்துக்கு மாறி, ஒரு மாதத்தைக் கூட்டிச் சொல்லிப் பிள்ளையின் உயிரோடு விளையாடினாயா, படித்தவள்தானே என்று பொரிந்து தள்ளினார். நான் தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன். அது அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

வெளியே வந்ததும் அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நீ எதுக்குடீ ஏச்சு வாங்கினே? ஒன்பதுன்னு சொல்லச் சொல்லி உன் மாமியாருக்கு எழுதினதே நான்தான். உன்னைப் பார்க்காம இருக்க முடியல்லை.”

எனக்குக் கோபம்தான் வந்தது. திங்கட்கிழமை மருந்து ஏற்றியிருப்பார்களே, அப்போதும் பேசாமல் நின்றிருப்பாயா என்று கேட்டேன்.

“நாள் போயும் வலி வராதப்பவே பயந்துட்டேன். பிள்ளை வளரல்லைன்னு டாக்டர் சொன்னதும் ரொம்பப் பேடிச்சுப் போயிட்டேன். எட்டிலே உன்னை வரவழைச்சதுக்குத்தான் இப்படி ஆச்சுன்னு நினைச்சேன்.”

தானே ஒரு மாதம் கூட்டிச் சொன்ன நாள்கணக்கு அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. தன் ஆசைதான் என் பிள்ளையைத் தின்றுவிட்டதென்று நம்பி, இத்தனை நாளும் பட்டினி கிடந்திருக்கிறாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா என் வயிற்றைப் பார்த்தாள், தொடவில்லை.

“அப்ப, வளர்ந்திருக்கா?” என்று கேட்டாள்.

“ஒன்பதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு வளர்ந்திருக்கும்மா.”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, பசிக்கிறது என்றாள்.