பின்கதவில் மாறிப்போன பச்சை

மெலிண்டாவுக்குக் கை சும்மா இருக்காது. மாதா கோயிலில் பூசை நடக்கும்போதுகூட, இருக்கிற வாங்குப் பலகையின் விளிம்பில் உரிந்த வார்னிஷை நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பாள். புளியந்தீவில் பதினாறு வருடம் கல்யாண உடுப்புத் தைத்தவள். கட்டாரில் வாகனங்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிப் பழகிய புருஷன் றிக்கி திரும்பி வந்து களப்போரம் ஒரு கொட்டகை போட்டதும், வெள்ளைத் துணியே பார்த்துப் பார்த்து அலுத்துப்போனது என்று சொல்லி மெசினை மூடிவிட்டு அவனோடு இறங்கினாள். ஒரு வருடத்துக்குள் வெட்டும் கை அவளுடையது, ஒட்டும் கை அவனுடையது என்றாகிவிட்டது.

பனிச்சங்கேணியிலிருந்து கண்ணகை என்ற பெண் தன் குளிரூட்டி லொறியைக் கொண்டுவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. களப்பு இறால் வாங்கி ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறவள். ஐம்பது வயது இருக்கும். பழைய லொறி, ஆனால் பெட்டி நல்ல பெட்டி. பெட்டி முழுக்க ஒட்ட, மினுக்கம் போட்ட கரும்பச்சை ஸ்டிக்கர்த் தாளை அவளே தெரிந்தெடுத்தாள்.

தாளின் அகலம் ஐந்தடி. பெட்டியின் உயரமோ ஆறடிக்குக் கிட்ட. தாளைப் படுக்கையாக ஓட்டினால் கீழே ஓரடிக்கு இன்னொரு துண்டு வைத்துப் பொருத்த வேண்டும். பக்கச் சுவர்களில் அது கஷ்டமாக இருக்கவில்லை. அங்கே ஒரு அலுமினியச் சட்டம் ஓடியது. அதற்கு அடியில் பொருத்தை ஒளித்துவிட்டார்கள். பின்கதவில் சட்டம் இல்லை.

"இதுல மட்டும் தாள நிமித்தி வெப்பம். ரெண்டு கதவும் பொருத்தில்லாம ஒரே துண்டா வரும்" என்றாள் மெலிண்டா.

றிக்கி தாளின் முதுகில் அச்சடித்திருந்த அம்புக்குறியைக் காட்டினான். "மினுக்கத் தாள் இது. ஒரே பக்கம் பாத்துத்தான் ஓடோணும். மாத்தினா நிறம் ஒத்துவராது மெலி."

"வச்சுப் பாரு. ஒரு வித்தியாசமும் தெரியல்லியே."

கொட்டகையின் குழல் விளக்கில் உண்மையாகவே தெரியவில்லை. பொருத்து என்றால் அவளுக்கு ஆகாது. கல்யாணக் கவுணின் முதுகில் ஒரு தையல் தெரிந்தாலே பிரித்து மறுபடி தைப்பவள். பின்னால் வருகிறவன் பார்க்கப்போவது பின்கதவைத்தான் என்று வாதாடினாள். றிக்கி தோளைக் குலுக்கிவிட்டு ஒட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை மழைமூட்டம். கண்ணகை வந்து லொறியைச் சுற்றிப் பார்த்தாள். பின்னால் கொஞ்சநேரம் நின்றாள். "நல்லாக் கிடக்கு பிள்ள" என்று சொல்லி ஏறிப் போனாள். மெலிண்டா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். லொறி பாலத்தில் ஏறித் திரும்பும் நேரத்தில் மூட்டம் விலகி வெயில் விழுந்தது.

பக்கச் சுவர் பச்சையாக மின்னியது. பின்கதவு கறுத்துப்போய், வேறொரு லொறியிலிருந்து கழற்றிப் பூட்டியதுபோல நின்றது.

மெலிண்டா உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினாள், குடிக்கவில்லை. வெட்டுப்பட்ட துண்டு இரண்டை எடுத்து முற்றத்து வெயிலில் குறுக்கும் நெடுக்குமாக வைத்தாள். ஒன்று பச்சை, மற்றது கறுப்பு. திருப்பி வைத்தாள். இது கறுத்தது, அது பச்சையானது. துணி வெட்டுகிற காலத்தில், திசை மாறினால் நிறமும் மாறிவிடும் வெல்வெட்டை ஒரு தடவைகூடத் தலைகீழாய் வெட்டியதில்லை அவள். அந்தப் புத்தி எங்கே போனது?

"அவ ஒண்டும் சொல்லல்லத்தானே. விடு" என்றான் றிக்கி.

விட முடியவில்லை. சனிக்கிழமை வீட்டுத் திரைச்சீலைகளையெல்லாம் கழற்றித் தோய்த்தாள். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது வழியில் நின்ற வான்களின் பின்கதவுகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ணகைக்கு இரண்டு முறை போன் எடுத்தாள்; மணி அடிக்க முதலே வெட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் ரோலில் மிஞ்சியிருந்த தாளைப் பழைய சீலையில் சுற்றினாள். பக்கத் துண்டு வெட்டியபோது மிஞ்சிய ஓரடிப் பட்டியும் அதோடு இருந்தது. ஹீட் கன், தேய்க்கும் தட்டு, பிளேட், சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டி எல்லாம் பைக்குள் போயின.

"புதன்கிழமை ரெண்டு பேருமாப் போவமே" என்றான் றிக்கி, கையில் யாரோ ஒருவரின் ஓட்டோ வேலை.

"புதன் வரைக்கும் பொறுத்திருக்க என்னால ஏலாது."

பனிச்சங்கேணிப் பக்கம் போகும் வாகரை பஸ்ஸில் நீளமான ரோலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வந்தாறுமூலையில் பிள்ளைகள் கூட்டமாக ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு தரிப்பிலும் பஸ் நின்றது அவளைக் குத்தியது. போய் என்ன சொல்வது என்று பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

கண்ணகை ஐஸ் கொட்டிலில் இறால் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். லொறி வெளியே நின்றது. வெயிலில் பின்கதவு இன்னும் மோசமாகத் தெரிந்தது.

"அக்கா, பின்கதவு பிழை. தாள மாத்தி வச்சிட்டம். றிக்கி வேணாமெண்டுதான் சொன்ன. நான்தான் நிண்டு பிடிச்ச."

கண்ணகை கையைத் துடைத்தாள். "எனக்குத் தெரியும் பிள்ள. அண்டைக்கு மூட்டத்துலயே ஒரு மாதிரித்தான் தெரிஞ்ச. உன்ட முகத்தப் பாத்தா, பரிசு வாங்கின பிள்ள மாதிரி நிண்டாய். என்னெண்டு வாய் திறக்கிற? ஆரும் கேட்டா ரெண்டு நிறம் நாந்தான் கேட்ட எண்டு சொல்ல இருந்தன்."

மெலிண்டாவுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "சொல்லியிருக்கலாமே அக்கா. மூணு நாளா நான் சோறு தின்னல்ல."

"இப்பயும் நிண்டு கதைக்கிறாய். மூணு மணிக்கு நான் ஹோட்டலுக்குப் போகோணும்."

லொறியைப் பின்பக்கமாகக் கொட்டிலுக்குள் விட்டார்கள். தூசி எழும்பாமல் நிலத்துக்குத் தண்ணீர் அடித்தாள் கண்ணகை. பழைய தாளைச் சூடுகாட்டி மெதுவாக உரிக்கவே ஒரு மணி நேரம் போனது. பொருத்தை எங்கே போடுவது? மெலிண்டா பக்கச் சட்டத்தின் உயரத்தை நூல் பிடித்துப் பின்னால் கொண்டுவந்தாள். அந்த உயரத்தில் பொருத்து ஓடினால் லொறியைச் சுற்றி ஒரே கோடாக இருக்கும். அதற்கு மேல் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டி ஒட்டிவிட்டால் கண்ணிலும் படாது. முதலில் கீழ்த் துண்டு, பிறகு அதன்மேல் விரலகலம் ஏறும்படி மேல் துண்டு. மழைத்தண்ணி கூரை ஓடுபோல வழிந்துவிடும், உள்ளே போகாது.

மேல் துண்டுக்கு மிஞ்சிய தாள் ஒரு தடவைக்குத்தான் போதும். அம்புக்குறியைப் பேனையால் இரண்டு தரம் வட்டமிட்டாள்.

"இதப் பிடியுங்க அக்கா. இழுக்காதீங்க, தொய்யவும் விடாதீங்க."

"வல பிடிச்ச கை இது" என்றாள் கண்ணகை.

பாதி ஒட்டியபோது களப்புக் காற்று ஒன்று வாசலால் புகுந்தது. தாளின் மூலை படபடத்துக் கோணலாய் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் நீளும், நீண்டால் அந்த இடம் வெளிறும். கண்ணகை முதுகைக் காற்றுக்குக் கொடுத்துக் குறுக்கே வந்து நின்றாள். மெலிண்டா சூட்டைக் குறைத்து, மூலையை நூல் நூலாகக் கிளப்பி, மறுபடி படுக்கவைத்தாள். பிறகு நடுவிலிருந்து வெளியே, வெளியே என்று தேய்த்துக்கொண்டே போனாள். இரண்டு கதவுக்கும் இடையில் பிளேட்டை ஓட்டி, பொருத்தின் மேல் சிவப்புப் பட்டியையும் ஒட்டி முடித்தபோது மணி இரண்டரை.

லொறி வெளியே வந்தது. மெலிண்டா சுற்றி நடந்தாள். வெயில் பக்கம் நின்று பார்த்தாள், நிழல் பக்கம் நின்று பார்த்தாள், குந்தியிருந்து பார்த்தாள். எங்கும் ஒரே பச்சை. கோணல் விழுந்த மூலையில் மட்டும் அரிசியளவு சுருக்கம் ஒன்று நின்றது. அதை நகத்தால் அழுத்தினாள். போகவில்லை.

"விடு பிள்ள, அது எனக்குக் கிடக்கட்டும்" என்று கண்ணகை லொறியில் ஏறினாள். "உள்ள சோறும் இறால் கறியும் மூடி வச்சிரிக்கன். திண்டிட்டுப் போ."

மெலிண்டா தின்றாள், மூன்று நாளுக்கும் சேர்த்து. நாலு மணி பஸ்ஸுக்கு நிற்கும்போது றிக்கிக்கு அழைத்தாள்.

"சரிவந்திட்டு. ஒரு மூலைல சின்னச் சுருக்கம் ஒண்டு."

"எவ்வளவு?"

"அரிசியளவு. அடுத்த கிழம ஹோட்டலடிக்குப் போய்ச் சரி பண்ணவா?"

மறுமுனையில் றிக்கி பெருமூச்சு விட்டது கேட்டது. "அந்த ஓட்டோ வேலய முதல்ல வந்து பாரு. பின்பக்கத்துல பொருத்து எங்க போடுற எண்டு தெரியாம நிக்கிறன்."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் வரும் திசையை எட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.